பவள ஏலம் முடிவதற்குள் அக்ரோபோரா (கிளைவிடும் கல் பவளம்) துண்டுகள் திசு உரிந்துபோவது ஏன்?

தொட்டியில் பவளம் வளர்ப்போரின் சங்க ஏலத்தில், பைகளில் வைத்த காளான் பவளங்கள் தப்பிக்க, அக்ரோபோரா துண்டுகள் மட்டும் மாலைக்குள் உரிந்துபோனது ஏன் என்று கேட்டிருந்தீர்கள். ஏல நாளன்றோ முந்தைய நாளோ வெட்டிய துண்டுகளைச் சேர்க்காதீர்கள்; குறைந்தது இரண்டு வாரங்களுக்கு முன் வெட்டப்பட்டு, பிளக்கின்மேல் (துண்டை ஒட்டிவைக்கும் சிறு அடித்தளம்) திசு படரத் தொடங்கியவற்றை மட்டும் ஏற்றுக்கொள்ளுங்கள். உங்கள் ஏலத்தில் அக்ரோபோரா மட்டும் உரிந்துபோனதற்குப் பெரும்பாலும் புதிதாக வெட்டிய துண்டுகளைச் சேர்த்ததே காரணம்.

வெட்டுப்பட்ட பவளம் கோழையை மிகுதியாகச் சுரக்கும். தொட்டியில் நீரோட்டம் அதை அடித்துச் சென்றுவிடும். சிறு பையிலோ அது தேங்கிக் கிடக்க, அதை உண்டு பெருகும் பாக்டீரியாக்கள் நீரிலுள்ள ஆக்சிஜனைத் தீர்த்துவிடுகின்றன.

ஏலத்துக்கு முன் இதைச் சோதித்துவிடலாம். புதிதாக வெட்டிய துண்டு ஒன்றையும் வெட்டுக்காயம் ஆறிய துண்டு ஒன்றையும் தனித்தனிப் பைகளில், ஏலம் நடக்கும் நேரம் முழுவதும் மேசைமேல் வைத்திருங்கள். புதிய துண்டின் பையில் மட்டும் நீர் கலங்கி நாற்றமெடுத்தால் காரணம் உறுதி. இரண்டுமே வாடினால் பைநீரின் வெப்பநிலையை அளந்து பாருங்கள். அது 25 பாகை செல்சியசிலிருந்து வெகுவாக விலகியிருந்தால், துண்டுகளை வெப்பம் காக்கும் பெட்டியில் வைத்து, முறை வரும்போது மட்டும் வெளியே எடுங்கள்.

ஆறிய துண்டு என்பதாலேயே அது பூச்சியற்றது என்று கருதிவிடக் கூடாது. அக்ரோபோராவைத் தின்னும் தட்டைப்புழுக்களை மருந்துக் குளியல் உதிர்த்தாலும் அவற்றின் முட்டைகள் பிழைத்துக்கொள்ளும். ஆகவே திசுவற்ற அடிப்பகுதியில் பழுப்பு நிற முட்டைக் கொத்துகள் உள்ளனவா என்று உருப்பெருக்கியால் பார்த்துவிட்டே மேசைக்கு அனுப்புங்கள். வாங்குபவர்களும் துண்டுகளைச் சில வாரங்கள் தனித்தொட்டியில் வைத்திருப்பது அவசியம்.