பைக் லைட்டு

அன்புள்ள அண்ணாச்சி,

பாளையங்கோட்டையிலிருந்து எழுதுகிறேன். மகனுக்கு எட்டு வயது, மூன்றாம் வகுப்பு. பள்ளிக்கூடத்தில் குருளையர் படையில் (சாரணரில் சின்னப் பிள்ளைகள் பிரிவு) சேர்ந்திருக்கிறான். தை மாதக் கடைசியில் கல்லிடைக்குறிச்சிப் பக்கம் ஒரு பள்ளி வளாகத்தில் ஒரு ராத்திரி முகாம் என்று சர்க்குலர் வந்திருக்கிறது. அவனுக்குக் கால் தரையில் பாவவில்லை. அத்தையோ, "பச்சப்பிள்ளைய ராத்திரி வெளிய விட்டுட்டு உனக்கு உறக்கம் வருமாட்டி?" என்கிறார்கள். இன்னொரு விஷயமும் இருக்கிறது. வாரத்தில் ஓரிரு நாள் இன்னும் பாயை நனைத்துவிடுகிறான். வெளியே யாரிடமும் சொன்னதில்லை. அனுப்பலாமா, இரண்டு வருஷம் போகட்டுமா? அனுப்பினால் வாத்தியாரிடம் என்னென்ன கேட்க வேண்டும்?

ஒரு வாசகி

அன்புள்ள தங்கச்சிக்கு,

அனுப்புங்கள். இந்த விஷயத்தில் நான் ஒருமுறை நன்றாக அசிங்கப்பட்டிருக்கிறேன். அந்த அனுபவத்தில்தான் சொல்கிறேன்.

என் மகள் எட்டு வயதில் நீலப்பறவை. ஆண் பிள்ளைகள் குருளையர், பெண் பிள்ளைகள் நீலப்பறவையர். (குருளை என்பது பழந்தமிழில் நாய், பன்றி, புலி, முயல், நரி இவற்றின் குட்டிக்குப் பெயர். யார் தேடிப் பிடித்தார்களோ, அருமையான சொல்.) அம்பாசமுத்திரம் பக்கம் ஒரு பள்ளியில் முகாம். பின்னால் அறுத்துப் போட்ட வயல், தூரத்தில் பொதிகை. சாயங்காலம் கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தேன். வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. அவள் ரவை உப்புமா தொட மாட்டாளே என்று ஒரு சாக்கு கிடைத்தது. தூக்குச்சட்டியில் நாலு இட்லி, மிளகாய்ப்பொடி, எண்ணெய். ஒன்பதே காலுக்குப் பைக்கை எடுத்துவிட்டேன்.

போய்ச் சேரும்போது பாட்டு, கூத்து எல்லாம் முடிந்து பிள்ளைகள் வரிசையாகப் பாயில் படுத்திருந்தார்கள். என் பைக் வெளிச்சம் ஜன்னல் வழியாக உள்ளே விழுந்தது. "எங்கப்பா!" என்று ஒரு குரல். அடுத்து அழுகை. அவளைப் பார்த்துப் பக்கத்துப் பாய்க்காரி. அதைப் பார்த்து அடுத்தவள். ஐந்து நிமிஷத்தில் இருபது பிள்ளைகளுக்கு மேல் ஒரே ஒப்பாரி. நான் தூக்குச்சட்டியோடு வாசலில் நிற்கிறேன். என் மகள் அதுவரை உப்புமாவை இரண்டு தடவை வாங்கித் தின்றுவிட்டு நன்றாகத்தான் இருந்திருக்கிறாள்.

அங்கே இருந்த டீச்சர் வயதானவர். என்னைத் தள்ளிக் கூட்டிப்போய், "சார், பிள்ளைகளை இருட்டு அழ வைக்கல. உங்க பைக் லைட்டுதான் அழ வச்சுது" என்றார். பிறகு எல்லாரையும் எழுப்பி, டார்ச்சை அணைக்கச் சொல்லி, மைதானத்துக்கு நடத்திப்போனார். மேற்கே சாய்ந்திருந்த கார்த்திகை மீன் கூட்டத்தைக் காட்டி, எத்தனை மீன் தெரிகிறது என்று எண்ணச் சொன்னார். ஆறு என்றாள் ஒருத்தி. ஏழு என்றாள் இன்னொருத்தி. "ஏட்டி, கண்ணைத் தொடச்சிட்டுப் பாரு!" சண்டை முற்றிவிட்டது. அழுகை எங்கே போனதென்றே தெரியவில்லை. இட்லியை நான்தான் வழியில் கால்வாய்க் கரையில் உட்கார்ந்து தின்றேன்.

ஆகவே முதல் விஷயம்: நீங்களும் போகாதீர்கள், அவன் அப்பாவையும் விடாதீர்கள். போனும் கொடுத்தனுப்ப வேண்டாம். ஒன்பதிலிருந்து பத்து வரை எந்த முகாமிலும் நாலு பிள்ளைகள் கண்ணைக் கசக்கத்தான் செய்யும். அந்த ஒரு மணி நேரத்தைக் கடத்தத் தெரிந்தவர்தான் நல்ல அகேலா. படைத் தலைவரை அப்படித்தான் கூப்பிடுவார்கள். மௌக்லி கதையில் வரும் ஓநாய்க் கூட்டத் தலைவனின் பெயர் அது.

இனி பாய் விஷயம். ஏழு வயதுப் பிள்ளைகளில் பத்துக்கு ஒன்று இன்னும் ராத்திரியில் நனைக்கும் என்பது டாக்டர்கள் சொல்லும் கணக்கு. இருபத்துநாலு பேர் படுக்கும் இடத்தில் உங்கள் மகன் மட்டும் ஒற்றையாக இருக்க வாய்ப்பில்லை. வாத்தியாரிடம் தனியாகச் சொல்லிவிடுங்கள். கூச்சப்பட்டு மறைத்தால்தான் வம்பு. காலையில் ஈர டிரவுசரோடு அவன் தனியாக முழிக்க வேண்டியிருக்கும். தெரிந்த வாத்தியார் படுக்கப்போகுமுன் எல்லாரையும் ஒண்ணுக்குக் கூட்டிப்போவார், பன்னிரண்டு மணிவாக்கில் இவனைப் பேரைச் சொல்லாமல் தட்டி எழுப்புவார், வாசல் பக்கம் பாய் போடுவார். நீங்கள் சொன்னதும் அவர் சிரித்தாலோ, "இவ்வளவு பெரிய பையனா" என்றாலோ, அங்கே அனுப்ப வேண்டாம். நான் இதை ஒரு பரீட்சையாகவே வைத்துக்கொள்வேன்.

அத்தையின் பயத்தில் பாதி நியாயம். சாரணர் இயக்கத்தைத் தொடங்கிய பேடன் பவல் 1907ல் இங்கிலாந்தின் பிரவுன்சீ தீவில் முதல் முகாம் போட்டபோது கூட்டிப்போனது சுமார் இருபது பையன்களை. பெரும்பாலும் பத்து வயதைத் தாண்டிய பையன்கள். எங்களையும் சேருங்கள் என்ற தம்பிமார் நச்சரிப்புக்கு வழி பிறக்க 1916 ஆயிற்று. அப்போதுதான் ஓநாய்க்குட்டிகள் என்று அவர்களுக்குத் தனிப் படை. அண்ணன் செய்வதையெல்லாம் தம்பிக்கும் கொடுப்பது அதன் நோக்கமில்லை. எட்டு வயதுக்காரனைக் கூடாரம் அடிக்கவும் விறகு பொறுக்கவும் விடுகிற முகாம் சினிமா பார்த்துப் போட்ட முகாம். மணிமுத்தாறு, மாஞ்சோலை என்று சர்க்குலரில் இருந்திருந்தால் நானே வேண்டாம் என்றிருப்பேன். அது களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகம். பள்ளி வளாகம் என்பதால் கூரையும் கக்கூசும் இருக்கும். அது போதும்.

ஆனால் அங்கேயும் தரையில் படுப்பதை விசாரியுங்கள். நம் பக்கத்தில் கட்டுவிரியன் ராத்திரியில்தான் நடமாடும். உறங்குகிறவர்களைக் கடித்தால் பல சமயம் வலிகூடத் தெரியாது. விடியுமுன் வயிற்றுவலி, இமை தொங்கல் என்றுதான் வெளியே தெரியும். கொசுவலை உண்டா, அதன் ஓரத்தைப் பாய்க்கு அடியில் சுற்றிலும் செருகுவார்களா, விஷமுறிவு மருந்து இருக்கிற ஆஸ்பத்திரி எது, ராத்திரி முழுக்க வண்டி நிற்குமா? முகத்துக்கு நேராகக் கேளுங்கள். ஒரு சிக்ஸுக்கு, அதாவது ஆறு பிள்ளைக்கு, ஒரு பெரியவராவது வேண்டும். (சிக்ஸின் தலைவன் பெயர் சிக்ஸர். உங்கள் மகன் இதைக் கிரிக்கெட் என்று நினைத்துத்தான் சேர்ந்திருப்பான்.) எந்தப் பெரியவரும் எந்தப் பிள்ளையோடும் தனியாக இருக்கக் கூடாது. தாமிரபரணியில் குளியல் என்று இருந்தால் அதை மட்டும் வெட்டச் சொல்லுங்கள். ஆறு எங்கும் போய்விடாது.

அத்தையைச் சமாளிக்க ஒரு வழி: கட்டுசாதத்தை அவர்களையே கட்டச் சொல்லுங்கள். முதல் நாள் சாயங்காலச் சாப்பாட்டுக்குப் புளியோதரையும் துவையலும். பேரனோடு தானும் போவதுபோல அவர்களுக்கு இருக்கும். இரண்டாம் நாள் எப்போது வருவான் என்று வாசலில் நிற்கப்போவதும் அவர்கள்தான்.

தைப் பனிக்குக் கம்பளி ஒன்று. டிரவுசர் மூன்று, அதில் ஒன்றைப் பழைய செய்தித்தாளில் சுற்றி அடியில் வையுங்கள், அவனுக்கு மட்டும் காட்டிவிட்டு. நல்ல துண்டு வேண்டாம். தொலைத்துவிட்டுத்தான் வருவான்.