டிட் வந்த பிறகு வென்ட் ஏன் வரக்கூடாது?

‘ஆங்கில வினைச்சொற்கள் மண்டையில் ஏறவே மாட்டேன் என்கின்றன, டிட் வந்தால் வென்ட் ஏன் கோ ஆகிறது’ என்று கேட்டிருக்கிறீர்கள். தமிழ் வழியில் படித்துவிட்டு, புதிதாகச் சேர்ந்த வேலையில் யாரிடமோ வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறீர்கள் என்று தோன்றுகிறது. நானும் வாங்கியவன்தான்.

1994இல் ராணிப்பேட்டையில் ஒரு டேனரி (தோல் பதனிடும் ஆலை) அலுவலகத்தில் தட்டச்சராகச் சேர்ந்தேன். இரண்டாம் வாரமே சென்னை ஏஜென்ட்டுக்குக் கடிதம்: தோல் பதனிட உதவும் ‘வாட்டில்’ மரப்பட்டைச் சரக்கு மூட்டைகள் வந்து சேரவில்லை என்று. ‘வீ டிட் நாட் ரிசீவ்ட்’ என்று அடித்துவிட்டேன். ‘ரிசீவ்’ என்று இருந்திருக்க வேண்டும். மேலாளர் சிவப்பு மையில் சுழித்தார். சுழித்ததோடு விட்டிருக்கலாம். தோல் விலை பேச வந்திருந்த வியாபாரிகள் முன்னால் உரக்கப் படித்தும் காட்டினார்.

மாலையில் டீக்கடையில் எங்கள் கணக்கர் கேட்டார்: “தம்பி, நேற்று ஆற்காடு போனாயா?”

“போகவில்லை, சார்.”

“ஏன், ‘போனேன் இல்லை’ என்று சொல்வதுதானே?”

விழித்தேன்.

“போனேன் என்பதில் காலமும் இருக்கிறது, ஆளும் இருக்கிறது. ‘இல்லை’ வந்து உட்கார்ந்ததும் இரண்டையும் கழற்றிவிட்டு வெறும் ‘போக’ ஆகிவிட்டது பார். டிட் வந்தாலும் அப்படித்தான். காலத்தை அது சுமக்கிறது. பிறகு வென்ட்டுக்கு அங்கே என்ன வேலை?”

டஸ்ஸும் அதே ரகம், எஸ்ஸைப் பிடுங்கிக்கொள்ளும். ஷீ கோஸ், ஆனால் ஷீ டஸ் நாட் கோ. கேள்வியில் மட்டும் இந்தக் கணக்கு உதவாது. நாம் ‘போனாயா’ என்று வினையை முழுதாக வைத்துக் கேட்கிறோம். ஆங்கிலம் அங்கும் டிட்டை இழுத்து வருகிறது. ‘டிட் யூ வென்ட்’ நம் வாயில் தானாக வருவது அதனால்தான். பண்டிதர்கள் பழந்தமிழ் எதிர்மறைகளோடு சண்டைக்கு வர வேண்டாம். இன்று நாம் எழுதும் தமிழைத்தான் சொல்கிறேன். மொழியியல் படித்தவனும் அல்லேன்.

ஆற்காடு என்றதும் இன்னொரு வயிற்றெரிச்சல். என் சான்றிதழில் ‘வட ஆற்காடு மாவட்டம்’ என்றிருக்கிறது. 1989இல் அதைப் பிரித்தார்கள், பிறகு வேலூர் மாவட்டம் என்றார்கள், 2019இல் ராணிப்பேட்டை தனி மாவட்டமானது. எங்கள் வீட்டு வாசற்படி இருந்த இடத்திலேயே இருக்கிறது. ஆனால் ஓர் அலுவலகத்தில், அப்படி ஒரு மாவட்டமே கணினியில் இல்லை, சரியான சான்றிதழோடு வாருங்கள் என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். மூன்று முறை போனேன். நான்காவது முறை போகவில்லை.