டச் அடுப்பா, பட்டன் அடுப்பா?

கேள்வி: அம்மாவுக்கு 71 வயது. கேஸ் தீர்ந்தால் கைகொடுக்கும் என்று இண்டக்‌ஷன் அடுப்பு பார்க்கப் போனோம். டச் மாடல் அழகாக இருக்கிறது, துடைக்கவும் சுலபம். அம்மாவோ, "எனக்கு இதெல்லாம் வராது" என்கிறார். பழகினால் சரியாகிவிடுமா?

பதில்: பட்டன் மாடலே வாங்குங்கள். ஐம்பது வருஷம் சமைத்த கைக்கு ஓர் அடுப்பு பிடிபடவில்லை என்றால் குறை அடுப்பில்தான். அதை முதலில் அம்மாவிடம் சொல்லிவிடுங்கள்.

ஈரக் கை, பொங்கி வழிந்த பால் இரண்டுமே டச் பேனலைக் குழப்பும். சமையல் நடக்கும்போது கை எப்போது காய்ந்திருக்கிறது? என் பெரியம்மா வீட்டில் பால் பொங்கிப் பேனலில் வழிந்தது. ஆஃப் என்று எழுதியிருந்த இடத்தைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார், அணையவில்லை. பதறிப்போய்ச் சுவரில் இருந்த சுவிட்சை அணைத்தார். பாத்திரத்தைத் தூக்கினாலே சூடேறுவது நின்றுவிடும். அந்த நேரத்தில் யாருக்கு அது ஞாபகம் வரும்?

பட்டன் அமுங்கியது விரலுக்கே தெரியும். பெரியம்மாவுக்குப் பட்டன் அடுப்பு வாங்கியதும், ஆஃப் பட்டன் மேல் சிவப்பு ஸ்டிக்கர் பொட்டு ஒன்றை ஒட்டினோம். இப்போது கண்ணாடி போடாமலே விரல் அங்கே போய்விடுகிறது. பட்டன் போனில் 5-இன் மேல் சின்ன மேடு இருக்குமே, அதே யோசனைதான்.

வாங்கும் முன் அம்மாவைக் கடைக்குக் கூட்டிப் போங்கள். பிளக்கைச் செருகி, பாத்திரத்தில் தண்ணீர் வைத்து, "சூட்டைக் குறைங்க, அப்புறம் அணைங்க" என்று மட்டும் சொல்லுங்கள். விற்பவரும் நீங்களும் வாய் திறக்கக் கூடாது. அவர் கை எங்கே தயங்குகிறது என்று பாருங்கள். தயங்கிக்கொண்டே இருந்தால் அடுத்த மாடலுக்குப் போங்கள். தோசை, கறி என்று பத்து பட்டன் இருப்பதைவிட, கூட்ட ஒன்று, குறைக்க ஒன்று, அணைக்க ஒன்று தெளிவாக இருப்பது மேல். வீட்டுப் பாத்திரத்தின் அடியில் காந்தம் ஒட்டுகிறதா என்றும் பார்த்துவிடுங்கள். ஒட்டாத பாத்திரம் இந்த அடுப்புக்கு ஆகாது.

கேள்வி: இணையத்தில் பஸ் டிக்கெட் எடுத்தேன். நான் கேட்காத இன்சூரன்ஸ் பணமும் பில்லில் சேர்ந்திருந்தது. அந்தக் கட்டத்தில் டிக் ஏற்கனவே போடப்பட்டிருந்தது. கவனிக்காதது என் தப்பா?

பதில்: இல்லை. டிக்கைத் தானாகப் போட்டுவைத்து அதையே உங்கள் சம்மதமாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்று 2020-ஆம் ஆண்டின் மின்வணிக விதிகளே சொல்கின்றன. வாடிக்கையாளரை ஏமாற்றும் 13 வகைப் பக்க வடிவமைப்புகளைப் பட்டியலிட்டு, மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பரில் வழிகாட்டுதல்களும் வெளியிட்டது. கேட்காததைப் பில்லில் சேர்ப்பது அவற்றில் ஒன்று. பில்லைப் பத்திரப்படுத்துங்கள். அதே பக்கத்தைத் திரும்பத் திறந்து, பணம் கட்டாமல், டிக் போட்ட கட்டத்தை ஸ்க்ரீன்ஷாட் எடுங்கள். நிறுவனத்துக்கு எழுதிப் பணத்தைத் திருப்பிக் கேளுங்கள். மசியவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போன் செய்யுங்கள். தொகை சின்னது என்று விட்டுவிடாதீர்கள்.