இயற்கை அங்காடி விலையை ஒப்பிடும்போது கவனிக்க வேண்டியவை

வணக்கம். இயற்கை அங்காடியில் துவரம்பருப்பும் கடலை எண்ணெயும் பல்பொருள் அங்காடியை விட ஏறத்தாழ இரு மடங்கு விலையாக இருப்பதாகவும், எதைத் தொடர்வது என்று புரியவில்லை என்றும் எழுதியிருந்தீர்கள்.

முதலில் அளவைச் சமன் செய்யுங்கள். ஒரு கிலோவுக்குக் குறைந்த பொட்டலத்தில் கிராமுக்கான விலையும் அச்சிடப்பட்டிருக்கும்; அதை ஆயிரத்தால் பெருக்கினால், அரைக் கிலோ பொட்டலத்தையும் கடையில் நிறுத்துத் தரும் பருப்பையும் நேருக்கு நேர் ஒப்பிடலாம். எண்ணெயில் இன்னும் கவனம் தேவை. ஒரு லிட்டர் கடலை எண்ணெய் ஏறத்தாழ 910 கிராம்தான் இருக்கும் என்பதால், ஒரு கடையின் லிட்டர் விலையையும் மற்றொன்றின் கிலோ விலையையும் அப்படியே ஒப்பிட்டால் கணக்குத் தவறிவிடும். மரச்செக்கில் ஆட்டியது என்பதாலேயே கடலை இயற்கை முறையில் விளைந்ததாகிவிடாது. பலர் ஏமாறுவது இங்கேதான்.

பொட்டலத்தில், இயற்கை முறையில் விளைந்தது என்று சான்றளிக்கும் 'ஜைவிக் பாரத்' போன்ற அரசு முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். அது இல்லாத பொட்டலத்துக்கு இரு மடங்கு விலை கொடுப்பது எனக்கு நியாயமாகப் படவில்லை. நேரடியாக விற்கும் சிறு உழவர்களுக்கு மட்டும் அந்தச் சான்றிலிருந்து விலக்கு உண்டு. எனவே கீரை, தக்காளி போன்றவற்றை, சாகுபடி முறையை விசாரித்து அவர்களிடமே வாங்குங்கள். தோலுரித்துச் சமைக்கும் வெங்காயத்தை வழக்கமான கடையிலேயே வாங்கிக்கொள்ளலாம்.