மலையைத் தோண்டாமல் அடியில் உள்ள பாறையை எப்படி அறிகிறார்கள்?

அதற்கு ஒரு வழி மேக்னடோடெல்லூரிக் முறை. தொலைதூர மின்னலும் சூரியக் காற்றும் எழுப்பும் மின்காந்த அலைகள் நிலத்துக்குள் இறங்கி மெல்லிய மின்னோட்டத்தைத் தூண்டும். உப்புநீரோ கிராஃபைட்டோ உள்ள பாறை அதை எளிதாகக் கடத்தும். காய்ந்த கருங்கல் அவ்வளவாகக் கடத்தாது. மண்ணில் புதைத்த மின்முனைகளும் காந்தச் சுருள்களும் இந்த வேறுபாட்டைப் பதிவு செய்கின்றன.

சரி, ஆழம் எப்படித் தெரியும்? மெதுவாக அதிரும் அலை ஆழமாகப் போகும். இங்கே டர்பனில் காவடி ஊர்வலம் தெருவில் போகும்போது கதவைச் சாத்திவிட்டுக் கேளுங்கள். நாதஸ்வரம் மங்கிவிடும், தவிலின் தொப்பிப் பக்கத்து 'தொம்' மட்டும் சுவரைத் தாண்டி வரும்.

தென்னாப்பிரிக்காவின் தெற்கே உள்ள நம் கேப் மடிப்பு மலைப் பகுதியில் இப்படி அளந்துதான் பூமியின் மேலோட்டுக்குள் நன்றாகக் கடத்தும் பகுதிகளைக் கண்டார்கள்.

நிலத்துக்குள் கரண்ட் பாய்ச்சுகிறார்கள் என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை, இயற்கையில் இருப்பதை மட்டுமே அளக்கிறார்கள். பக்கத்து மின்வேலிதான் அளவைக் கெடுக்கும்.