வாகனக் கேள்வி பதில்: ஜீப்புக்கு எலெக்ட்ரிக் ஃபேன் தேவையா?

கேள்வி: என்னிடம் பழைய மஹிந்திரா எம்.எம். 540 டீசல் ஜீப் உள்ளது. காரவள்ளியிலிருந்து கொல்லிமலை ஏறும்போது, 70 கொண்டை ஊசி வளைவுகளில் பாதியைக் கடப்பதற்குள் வெப்பமானியின் முள் சிவப்பைத் தொட்டுவிடுகிறது. நாமக்கல் கடைவீதி நெரிசலில் எந்தத் தொல்லையும் இல்லை. இன்ஜினோடு சுற்றும் ஃபேனைக் கழற்றிவிட்டு இரண்டு எலெக்ட்ரிக் ஃபேன்கள் பொருத்தினால் சூடு குறையும், மைலேஜும் கூடும் என்கிறார் மெக்கானிக். செய்யலாமா? – வாசகர், சேந்தமங்கலம்

பதில்: செய்யலாம். ஆனால் உங்கள் ஜீப்பின் நோய்க்கு அது மருந்தாகாது. பெல்ட்டில் ஓடும் ஃபேன் இன்ஜினின் வேகத்துக்கு ஏற்பவே சுற்றும் என்பதால், வண்டி நின்றபடி ஓடும்போது அது சோம்பலாகவும், இரண்டாம் கியரில் 3000 சுற்றுகளில் மலை ஏறும்போது முழு வீச்சிலும் காற்றை இழுக்கும். எலெக்ட்ரிக் ஃபேனோ இன்ஜின் எந்த வேகத்தில் ஓடினாலும் ஒரே வேகத்தில்தான் சுற்றும். அதன் பலன் சிக்னலிலும் நெரிசலிலும்தான் தெரியும். உங்கள் ஜீப் நெரிசலில் குளிர்ந்தும் ஏற்றத்தில் கொதித்தும் இருக்கிறது என்றால், இப்போதுள்ள ஃபேன் மிக நன்றாக வேலை செய்ய வேண்டிய நேரத்தில்தான் சூடு ஏறுகிறது. ஆகவே சந்தேகம் ரேடியேட்டரின் மேல் விழ வேண்டும்.

உங்கள் பகுதியில் பலர் ரேடியேட்டரில் போர் தண்ணீரையே ஊற்றுகிறார்கள். அதிலுள்ள உப்பு மெல்லிய குழாய்களின் உட்சுவரில் படிந்து, ஆண்டுக்கணக்கில் பாதிக் குழாய்களை அடைத்துவிடும். ஒரு ஏற்றம் ஏறி முடித்து இன்ஜினை நிறுத்தி, ஃபேன் நின்றபின், மூடியைத் திறக்காமல் ரேடியேட்டரின் முகப்பில் மேலிருந்து கீழாக, பக்கத்துக்குப் பக்கம் உள்ளங்கையை அருகில் காட்டிப் பாருங்கள். நடுவே திட்டுத் திட்டாகக் குளிர்ச்சி தென்பட்டால் அங்கே தண்ணீர் ஓடவில்லை என்று பொருள். ஃபேனைச் சுற்றியுள்ள தகரக் கவசம் இருக்கிறதா என்றும் கவனியுங்கள். பழைய ஜீப்புகளில் ஏதோ ஒரு பழுதுபார்ப்பின்போது அதைக் கழற்றி மூலையில் போட்டுவிடுவது வழக்கம். கவசம் இல்லாத ஃபேன், ரேடியேட்டர் வழியாக இழுப்பதை விட்டுவிட்டு பக்கவாட்டிலிருக்கும் சூடான காற்றையே சுழற்றிக்கொண்டிருக்கும். ரேடியேட்டரைச் சுத்தம் செய்து, கவசத்தைத் திரும்பப் பூட்டி, காய்ச்சி வடித்த நீரில் கலந்த கூலன்ட் ஊற்றி ஒரு முறை கொல்லிமலை மேலுள்ள செம்மேடு வரை போய்வந்தபின் ஃபேனைப் பற்றி முடிவெடுங்கள்.

மைலேஜ் பற்றி மெக்கானிக் சொன்னதில் ஓரளவு உண்மை உண்டு. ஃபேனின் வேகம் இரட்டித்தால் அது இன்ஜினிடமிருந்து உறிஞ்சும் சக்தி எட்டு மடங்காகும். நெடுஞ்சாலையில் 60 கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் எதிர்க்காற்றே பெரும்பாலும் போதும் என்ற நிலையில், அந்தச் சக்தி வீணாகிறது. எலெக்ட்ரிக் ஃபேன் அப்போது ஓய்வில் இருக்கும். மலைப்பாதையிலும் காட்டுப்பாதையிலும் ஓடும் ஜீப்புக்கு இந்த மிச்சம் சொற்பமே.

இவ்வளவுக்கும் பிறகு மாற்றத்தான் வேண்டும் என்றால், ஃபேன் வாங்குவதற்கு முன் டைனமோவின் உடலில் பொறித்திருக்கும் ஆம்பியர் அளவைப் படியுங்கள். 12 அங்குல ஃபேன் ஒன்று ஏறத்தாழ 10 ஆம்பியர் இழுக்கும், இரண்டுக்கு 20. இரவில் முன்விளக்குகள் 9, வைப்பரும் மற்ற விளக்குகளும் இன்னும் 6 என்று வையுங்கள். மொத்தம் 35 ஆகிறது. டைனமோவில் 35 என்றே எழுதியிருந்தால், அது இன்ஜின் வேகமாக ஓடும்போது மட்டும் கிடைக்கும் அளவு என்பதையும், நின்றபடி ஓடும்போது அதில் பாதி கூட வராமல் போகலாம் என்பதையும் மறக்கக் கூடாது. குறையும் மின்சாரத்தை பேட்டரி கொடுக்கும். பேட்டரி தளர்ந்தால் ஃபேனும் தளரும். மழை இரவில் மலையேற்றத்தில் இவை எல்லாம் ஒன்றாக நடக்கும். ஆகவே பெரிய டைனமோவின் விலையையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஒவ்வொரு ஃபேனுக்கும் தனி ரிலே (சிறு மின்சாரத்தால் பெரிய மின்சாரத்தை இயக்கும் சுவிட்ச்), தனி ஃபியூஸ் வையுங்கள். ஒன்று போனாலும் மற்றொன்று உங்களை வீடு சேர்க்கும். எர்த் வயரைப் பெயின்ட்டின் மேல் முடுக்காமல், சுரண்டிப் பளபளக்கும் இரும்பில் முடுக்க வேண்டும். இன்ஜின் சூடானதும் ரேடியேட்டருக்குத் தண்ணீரை விடும் வால்வான தெர்மோஸ்டாட் 82 டிகிரியில் திறக்கத் தொடங்கும் வண்டியில், ஃபேன் சுமார் 92 டிகிரியில் ஓடத் தொடங்கி 87 அளவில் நிற்கும்படி வெப்ப சுவிட்சைத் தேர்ந்தெடுங்கள். அதைவிடக் குறைவாக வைத்தால் ஃபேன் நிற்கவே நிற்காது. பிளாஸ்டிக் டேக் எனும் கட்டு நாடாவை ரேடியேட்டரின் துடுப்புகளுக்கு நடுவே நுழைத்து ஃபேனைக் கட்டும் முறையை மட்டும் அனுமதிக்காதீர்கள். என் வண்டியில் ஒரு பட்டறையில் அப்படிக் கட்டினார்கள். அதிர்வில் உரசி, எட்டே மாதத்தில் குழாய் ஓட்டையானது. தனிச் சட்டம் அடித்துப் பூட்டுவதே முறை.

பூட்டி முடித்ததும் ஒரு செய்தித்தாளைக் கிழித்து ரேடியேட்டரின் முன்பக்கம் பிடித்து, ஃபேனை ஓட விடுங்கள். தாள் பசை வைத்ததுபோல் ஒட்டிக்கொள்ள வேண்டும். பறந்து விழுந்தால் வயர்கள் மாறியிருக்கின்றன, அல்லது இதழ்கள் தலைகீழாக உள்ளன.

கேள்வி: என் பழைய பஜேரோ டீசலில் விஸ்கஸ் ஃபேன், வால்பாறை ஏறிச் சூடான நிலையிலும் விரலால் தள்ளினாலே சுற்றுகிறது. எலெக்ட்ரிக் ஃபேனுக்கு மாறச் சொல்கிறார்கள். – வாசகர், பொள்ளாச்சி

பதில்: ஃபேனின் நடுவிலுள்ள குடத்தில் சிலிகான் எண்ணெய் இருக்கும். ரேடியேட்டரிலிருந்து வரும் காற்று சூடானதும், முன்பக்கச் சுருள் தகடு வால்வைத் திறந்து அந்த எண்ணெயைப் பாய்ச்ச, ஃபேன் இன்ஜினோடு பிடித்துக்கொள்ளும். இன்ஜினை நிறுத்திய பிறகும் சூடான நிலையில் கையால் தள்ளினால் நல்ல எதிர்ப்பு தெரிய வேண்டும். எதிர்ப்பே இல்லையென்றால் எண்ணெய் கசிந்துவிட்டது. குடத்தை மாற்றினால் போதும். டர்போவும் ஏசியும் உள்ள இவ்வளவு கனமான வண்டிக்கு, தேவைப்படும்போது பிடித்து, தேவையில்லாதபோது நழுவும் இந்த ஏற்பாட்டைவிட நம்பகமானதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

கேள்வி: ஓடையைக் கடக்கும்போது எலெக்ட்ரிக் ஃபேன்தானே பாதுகாப்பு? – வாசகர், கூடலூர்

பதில்: சுவிட்ச் ஒன்று வைத்து முன்கூட்டியே நிறுத்தினால், ஆம். பெல்ட் ஃபேன் ஆழமான தண்ணீருக்குள் வேகமாகச் சுற்றினால் இதழ்கள் முன்னோக்கி வளைந்து ரேடியேட்டரையே அறுத்துவிடும். ஆனால் எலெக்ட்ரிக் ஃபேனையும் நீருக்குள் ஓட விட்டால் இதழ் உடையலாம், மோட்டார் கருகலாம். கரையேறிய உடனே சுவிட்சை மீண்டும் போட மறந்துவிடாதீர்கள்.