அறிவித்தால் ஆடிவிடுவோமா?

கேள்வி: “ஹாக்கிதான் நம் தேசிய விளையாட்டு என்று பள்ளியில் படித்தேன். பரீட்சையில் எழுதி மார்க்கும் வாங்கினேன். இப்போது என் பேரன், ‘அப்படி ஒன்றும் கிடையாது தாத்தா, அரசாங்கமே சொல்லிவிட்டது’ என்கிறான். இது வெட்கக்கேடு இல்லையா? மத்திய அரசு உடனே சட்டம் போட்டு ஹாக்கியைத் தேசிய விளையாட்டாக அறிவிக்க வேண்டும். கிரிக்கெட்டுக்குக் கடும் வரி போட்டு அந்தப் பணத்தை ஹாக்கிக்குத் தர வேண்டும். இதைப் பற்றி எழுதத் தைரியம் உண்டா?”
– ஒரு வாசகர், சாத்தூர்

பதில்: தைரியத்துக்கென்ன, எழுதிவிடலாம். ஆனால் நீங்கள் எதிர்பார்க்கும் பதில் வராது.

முதலில், பேரன் சொன்னது சரி. 2012ல் ஒரு பள்ளிச் சிறுமி தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்டதற்கு, எந்த விளையாட்டையும் தேசிய விளையாட்டாக அறிவிக்கவில்லை என்று மத்திய விளையாட்டு அமைச்சகம் எழுதிக் கொடுத்தது. 2021ல் ஹாக்கியை அறிவிக்கச் சொல்லி உச்ச நீதிமன்றத்துக்கும் ஒரு வழக்கு போனது. அது எங்கள் வேலை இல்லை என்று நீதிபதிகள் அனுப்பிவிட்டார்கள். நீங்கள் வாங்கிய மார்க்கை யாரும் திருப்பிக் கேட்கப் போவதில்லை, கவலைப்படாதீர்கள்.

இந்த மயக்கம் நமக்கு மட்டும் வந்ததும் அல்ல. வலை கட்டிய குச்சியால் பந்தைப் பிடித்து எறியும் லக்ரோஸ் என்ற ஆட்டம்தான் சட்டப்படி தங்கள் தேசிய விளையாட்டு என்று கனடாக்காரர்கள் தலைமுறை தலைமுறையாக நம்பிக்கொண்டிருந்தார்கள். தேடிப் பார்த்தால் அப்படி ஒரு சட்டமே இல்லை. கடைசியில் 1994ல் உட்கார்ந்து சட்டம் போட்டார்கள். குளிர்காலத்துக்கு ஐஸ் ஹாக்கி, கோடைக்கு லக்ரோஸ். இரண்டு கோஷ்டியையும் சமாதானப்படுத்தியாயிற்று! கனடாவில் ஐஸ் ஹாக்கிக்கு அந்தச் சட்டம் வந்துதான் கூட்டம் சேர்ந்ததா என்ன?

சரி, அறிவித்த நாடுகளைப் பார்ப்போம். தூரம் போக வேண்டாம். இலங்கையின் தேசிய விளையாட்டு எது? கைப்பந்து. 1991ல் அறிவித்தார்கள். அடுத்த ஐந்தே ஆண்டில் அந்த நாடு தெருவுக்கு வந்து வெடி வெடித்துக் கொண்டாடியது 1996 கிரிக்கெட் உலகக் கோப்பையை. வங்கதேசத்தின் தேசிய விளையாட்டு கபடி. டாக்காவில் ஒரு பையனை நிறுத்தி அவனுக்குப் பிடித்த ஆட்டக்காரர் யார் என்று கேளுங்கள், கபடி வீரர் பெயர் வருகிறதா பார்ப்போம். தமிழ்நாட்டின் மாநில விளையாட்டு என்று சடுகுடுவைச் சொல்கிறோமே, கடைசியாக எப்போது அதைப் போய்ப் பார்த்தீர்கள்?

இதில் நாம் முக்கியமாகப் பார்க்க வேண்டியது பாகிஸ்தானை. அங்கே தேசிய விளையாட்டு சாட்சாத் ஹாக்கிதான். மூன்று ஒலிம்பிக் தங்கம், நான்கு உலகக் கோப்பை வென்ற அணி. அந்த அணி 2016, 2020, 2024 என்று தொடர்ந்து மூன்று ஒலிம்பிக்கில் ஆடத் தகுதியே பெறவில்லை. பட்டம் இருந்தது, அணி இல்லை. எந்தப் பட்டமும் இல்லாத நம் ஆண்கள் அணி டோக்கியோவிலும் பாரிஸிலும் அடுத்தடுத்து வெண்கலம் வாங்கியது. நீங்கள் கேட்கும் சட்டத்தால் ஹாக்கி வளரும் என்றால், இந்தக் கணக்கு தலைகீழாக அல்லவா இருந்திருக்க வேண்டும்?

“புலியைத் தேசிய விலங்காக்கியதால்தானே அது பிழைத்தது” என்று நீங்கள் மடக்கலாம். இல்லை. 1972ல் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் வந்தது, 1973ல் புலிகள் பாதுகாப்புத் திட்டம் வந்தது. காட்டை ஒதுக்கினார்கள், காவலர்களைப் போட்டார்கள், பணம் கொடுத்தார்கள். காவல் தளர்ந்த இடத்தில் என்ன ஆயிற்று? ராஜஸ்தானின் சரிஸ்கா காப்பகத்தில் 2005 வாக்கில் ஒரு புலிகூட மிஞ்சவில்லை. தேசிய விலங்கு என்ற பட்டம் அப்போதும் அதற்கு இருந்தது. வேட்டைக்காரன் கெஜட் படிப்பதில்லை.

ஹாக்கி நம்மிடமிருந்து நழுவியது பட்டம் இல்லாததால் அல்ல, தரை மாறியதால். 1928லிருந்து 1956 வரை ஆறு ஒலிம்பிக், ஆறிலும் நமக்கே தங்கம். எல்லாம் புல்தரை. 1976ல் மான்ட்ரியலில் முதல்முறையாகச் செயற்கைத் தரையில் ஆடினார்கள், நாம் ஏழாவது இடத்துக்குப் போனோம். அந்தத் தரையில் பந்து குதிக்காமல், தடுக்காமல், வழுக்கிக்கொண்டு பறக்கும். பந்தைக் குச்சியிலேயே ஒட்டவைத்து நாலு பேரைத் தாண்டிப் போகும் நம் பாணியைவிட ஓட்டமும் நீண்ட பாஸும் அங்கே அதிகம் எடுபட்டன. ஒரு மைதானத்துக்குச் செயற்கைத் தரை போடக் கோடிக்கணக்கில் செலவு, போட்டுவிட்டு ஆட்டத்துக்கு முன் தண்ணீர் வேறு தெளிக்க வேண்டும். ஐரோப்பாவும் ஆஸ்திரேலியாவும் போட்டுக்கொண்டே போயின. நம் பிள்ளைகள் கட்டாந்தரையில் கற்றுக்கொண்டு, தேர்வு முகாமில்தான் அந்தப் பச்சைத் தரையை முதன்முதலாக மிதித்தார்கள். 1980ல் மாஸ்கோவில் நம் சென்னைக்காரர் வாசுதேவன் பாஸ்கரன் தலைமையில் தங்கம் வந்தது உண்மை. பலமான அணிகள் பல அந்த ஒலிம்பிக்கைப் புறக்கணித்தன என்பதும் உண்மை.

இங்கே ஒரு தேதிக் கணக்கு எனக்கு எப்போதும் உறுத்தும். 1982 டிசம்பர், டெல்லி ஆசிய விளையாட்டு, ஹாக்கி இறுதி ஆட்டம். கலர் டிவி நம் நாட்டுக்கு வந்ததே அந்த ஆண்டில்தான். நாடே பார்த்துக்கொண்டிருக்க, பாகிஸ்தானிடம் 1-7 என்று தோற்றோம். ஏழு மாதம்கூட ஆகவில்லை, 1983 ஜூனில் கபில்தேவ் லார்ட்ஸில் கோப்பையைத் தூக்கினார். புதுசாக டிவி வாங்கிய குடும்பம் எந்த ஆட்டத்தின் பக்கம் சாயும்? கிரிக்கெட் ஏதோ சதி செய்து ஹாக்கியின் சோற்றைப் பிடுங்கியதாகப் பேசுகிறவர்கள் இன்னொன்றையும் நினைத்துப் பார்க்க வேண்டும். அன்று கிரிக்கெட் வாரியத்திடம் வென்ற வீரர்களுக்குக் கொடுக்கக் காசில்லை. லதா மங்கேஷ்கர் கச்சேரி நடத்தித்தான் பணம் திரட்டினார்கள்.

வரி விஷயம் சுலபம். ஐ.பி.எல். டிக்கெட்டுக்கு 2025 செப்டம்பர் முதல் 40 சதவீதம் ஜி.எஸ்.டி. போட்டிருக்கிறார்கள். உங்கள் ஆசையில் பாதி நிறைவேறிவிட்டது. மீதிப் பாதி, அதாவது அந்தப் பணம் ஹாக்கி மைதானத்துக்குப் போவது, கேட்டாலும் நடக்காது. வரிப்பணம் பொதுக் கஜானாவில் கலந்துவிட்டால் அதற்கு ஜாதகம் கிடையாது.

பின் எது வேலை செய்கிறது? ஒடிசாவைப் பாருங்கள். சுந்தர்கர் மாவட்டத்துப் பழங்குடிக் கிராமங்களில் ஹாக்கிப் பந்தயம் நடத்தி, ஜெயித்த அணிக்கு ஆட்டுக்கிடாவைப் பரிசாகக் கொடுக்கும் வழக்கம் இருக்கிறது. இந்திய அணியின் முன்னாள் கேப்டன் திலீப் திர்க்கே அந்த மாவட்டத்துப் பிள்ளை, இந்திய அணிக்கு ஆடும் அமித் ரோஹிதாஸும் அங்கிருந்து வந்தவர்தான். மாநில அரசு செய்தது, அங்கே ஏற்கெனவே இருந்த அந்த வெறிக்கு விடுதியும் பயிற்சியாளரும் செயற்கைத் தரையும் கொடுத்தது. 2018லிருந்து இந்திய ஹாக்கி அணிகளுக்கு ஸ்பான்சரும் அவர்கள்தான், சட்டையில் ஒடிசாவின் பெயர்தான். 2023 உலகக் கோப்பைக்கு ரூர்கேலாவில் புது அரங்கமே கட்டினார்கள். எந்தச் சட்டமும் இல்லாமல் செய்தார்கள். (இதிலும் பத்திரிகை விளம்பரமும் கட்அவுட்டும் இருந்தன, இல்லாமல் இருக்குமா? ஆனால் கட்அவுட்டுக்குப் பின்னால் மைதானம் இருந்தது.)

நம் பக்கமும் அப்படி ஒரு நிலம் இருக்கிறது, அது உங்கள் ஊருக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. கோவில்பட்டி. தெருவுக்குத் தெரு ஹாக்கி மட்டை வைத்திருந்த ஊர். அகில இந்தியப் போட்டி நடக்கும், செயற்கைத் தரையும் உண்டு. இந்திய அணிக்கு ஆடிய மாரீஸ்வரன் அங்கிருந்து போனவர். இவர்களுக்கெல்லாம் ஒரு காலத்தில் ரயில்வே, வங்கி, ஐ.சி.எஃப். ரயில்பெட்டித் தொழிற்சாலை என்று வேலை காத்திருந்தது, அந்த வேலையை நம்பித்தான் அப்பா அம்மா மட்டை வாங்கிக் கொடுத்தார்கள். தமிழக அரசுப் பணிகளில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு இருக்கிறதே, அது ஒழுங்காக நிரப்பப்படுகிறதா என்று கேட்பது, டெல்லியில் ஒரு கெஜட் அறிவிப்பு கேட்பதைவிட ஹாக்கிக்கு நல்லது. அறிவிப்புக்குச் செலவே இல்லை. அதனால்தான் அரசியல்வாதிக்கும் அது பிடிக்கும், நமக்கும் பிடிக்கிறது.

கடைசியாக, தைரியத்தைப் பற்றிக் கேட்டீர்கள். உங்கள் பேரன் படிக்கும் பள்ளிக்கு ஒரு நடை போய்விட்டு வாருங்கள். வாரத்துக்கு எத்தனை பி.டி. பீரியட், அதில் எத்தனையைக் கணக்கு வாத்தியார் எடுத்துக்கொள்கிறார், ஹாக்கி மட்டை என்று ஒன்று அந்தக் கட்டடத்துக்குள் இருக்கிறதா, மைதானத்தில் புதுக் கட்டடம் எழுந்துவிட்டதா என்று விசாரித்து எழுதி அனுப்புங்கள். தலைமை ஆசிரியர் கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை, ஒரு வரி வெட்டாமல் பிரசுரிக்கிறேன்.